பீர்க்கம்பந்தல் சாய்ந்த ஐப்பசி

ஐப்பசி 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். பள்ளிக்கூடக் கூரை ஒழுகியதால் அரை நாள் லீவு. வெண்டை ஓய்ந்துவிட்டது. இலையெல்லாம் மஞ்சள், காயெல்லாம் முற்றல். புடலை மட்டும் ஒன்றிரண்டு, நுனியில் கல் கட்டித் தொங்குகிறது. பந்தலில் பீர்க்கைக்கு இன்னும் தெம்பு இருக்கிறது.

ஆடியில் விதை போட்டவள் தங்கை கோமளா. ஆவணியில் கல்யாணமாகித் திருவள்ளூர் போய்விட்டாள். காய்த்ததெல்லாம் எனக்கு ஒருத்திக்கு. பாதி பக்கத்து வீட்டு ரத்தினம்மாவுக்கு.

வாங்க: ஸ்டவ் திரி, நல்லெண்ணெய், மாப்பிள்ளைக்கு வேட்டி, கோமளாவுக்கு மத்தாப்பு.

தலை தீபாவளி. அம்மாவும் அப்பாவும் போனபின் அவளுக்குத் தாய்வீடு நான்தான்.

ஐப்பசி 13, சனி

திருநின்றவூரிலிருந்து சித்தப்பா வந்தார். குடையை மடக்கியபடியே சொன்னார்:

"தல தீபாவளிய எங்க ஊட்லயே வச்சிக்கிறேம்மா. சம்மந்தி ஊட்ல அப்படித்தான் கேக்கறாங்க. இங்க ஆம்பள இல்லன்றாங்க."

"அவ்ளோதானா சித்தப்பா?"

காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "மூத்தவளுக்கு இன்னும் கல்யாணம் ஆவலியேன்னு வேற பேசறாங்க. நீ மனசுல வச்சிக்காத. நீயும் வந்துடு, இன்னா?"

வருகிறேன் என்று சொல்லவில்லை. வேட்டியையும் மத்தாப்பையும் அவரிடமே கொடுத்தனுப்பினேன். பை நிறைய பீர்க்கங்காய். நல்ல பிஞ்சு.

ஐப்பசி 17, புதன்

ராத்திரி காற்று. பந்தல் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடக்கிறது. நிமிர்த்த இன்னொரு ஆள் வேண்டும். அப்படியே விட்டுவிட்டேன். கத்திரியில் புழு. தலைவலி.

ஐப்பசி 20, சனி. தீபாவளி

விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். முதுகுக்கு எட்டவில்லை. போன வருஷம் கோமளா தேய்த்துவிட்டாள், சிரித்துச் சிரித்துக் கண்ணெல்லாம் எண்ணெய்.

ரத்தினம்மா அதிரசம் கொண்டுவந்தாள். "தங்கச்சி வர்லியா டீச்சரம்மா?"

"மழையாச்சே."

ஊரெல்லாம் வெடி. மத்தியானம் ரசம், அப்பளம். தூங்கிப் போனேன்.

ஐப்பசி 28, ஞாயிறு

எதிர்பார்க்கவே இல்லை. காலை ரயிலில் கோமளா! தனியாக. இளைத்திருக்கிறாள்.

"சித்தப்பா ஊட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேங்கா."

"இன்னாடி, எதுனா பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல. அவரு நல்லவருதான். உன்னப் பத்தி மாமியார் பேசறதத்தான் கேட்டுக்கினு இருக்க முடியல."

கொல்லைக்குப் போனாள். சாய்ந்த பந்தலைப் பார்த்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகினாள். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இறக்கினோம். கொடிக்குள் பீர்க்கங்காய் நெற்றாகிக் கிடந்தது. விதைக்கு எடுத்து வைத்தோம். சோறு போட்டேன், மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டதும் என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். கால் மரத்துப்போயிற்று. அசையவில்லை.

சாயந்திரம் ஸ்டேஷனில், வண்டி நகரும்போது: "அக்கா, நான் வந்துட்டுப் போனது யாருக்கும் தெரியவேணாம். ரத்தினம்மாகிட்டகூட சொல்லாத."

ஐப்பசி 29, திங்கள்

வெயில். செடிகளைப் பிடுங்கிக் குவித்தேன். பாத்தி மொட்டையாகக் கிடக்கிறது. கீரை விதைக்கலாம். கை முழுக்கச் சுனை, அரிப்பு.

ரத்தினம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "நேத்து பேச்சுச் சத்தம் கேட்டுச்சே, யாரு வந்தாங்க?"

"யாரும் இல்லம்மா. நான்தான் செடிங்களோட பேசிக்கினு இருந்தேன்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "சாயந்திரத்துல எங்க ஊட்டாண்ட வந்து குந்துங்க டீச்சரம்மா. தெனமும் வாங்க," என்றாள்.

சரி என்றேன்.