கண்ணாடிச் சாமான்

காமாட்சி துணை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
16.10.1973

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை பெரியநாயகி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். 'நலம்' என்று எழுத வேண்டும் என்றுதான் தமிழாசிரியை சொல்லிக்கொடுத்தார். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. அதனால் இருக்கிறோம் என்றே எழுதுகிறேன். பம்பாயில் மழை விட்டுவிட்டதா, மாதுங்கா மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அப்பா ஒன்றும் கேட்கச் சொல்லவில்லை.

உன்னுடைய பாட்டுப் பெட்டி நின்றுபோய்விட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்பிய அன்று அவர், "அந்தப் பொட்டியையும் தூக்கிக்கினு போ" என்று கத்தினார். நீ துணிமூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மறுநாளே அவர் அதைத் தெருவில் வைத்துவிடுவார் என்று நானும் அம்மாவும் பயந்தோம். வைக்கவில்லை. சித்திரை மாதத்தில் ஒருநாள் காலையில், தறிக்குழியில் இறங்குவதற்கு முன்னால், யாரிடமும் சொல்லாமல் தானே போய் சுவிட்சைப் போட்டார். உள்ளே கண்ணாடிக் குழல் வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்து வரும்வரை நின்று பார்த்தார். பிறகு உன்னுடைய நாதஸ்வர ரிகார்டை வைத்தார். அன்றிலிருந்து அது பாடாமல் எங்கள் வீட்டில் தறி ஓடியதில்லை. உன் பெயரை மட்டும் சொல்லமாட்டார். "அதைப் போடு", "அதை நிறுத்து" என்பதோடு சரி.

ஆயுத பூஜைக்கு நீ பெட்டியின் மேல் பூ மட்டும் வைப்பாய். உள்ளே யாரையும் கை வைக்க விடமாட்டாய். இந்த வருஷம் ஊடிழை ஓட்டும் நாடா, அச்சு, கத்தரி எல்லாவற்றையும் துடைத்து முடித்த பிறகு அப்பா பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். "அதை எதுக்குப் பிரிக்கிறீங்க?" என்று அம்மா கேட்டாள். "ஏன், இதுவும் ஆயுதந்தானே?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நாடாவைத் துடைப்பதுபோலவே ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, எது எந்தக் குழியிலிருந்து வந்ததோ அதிலேயே சரியாகச் செருகினார். மறுநாள் சுவிட்சைப் போட்டதும் பாட்டோடு சேர்ந்து சந்தன வாசனையும் வந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் கண்ணாடியின் மேல் வெள்ளையாக அச்சடித்திருந்த எண்கள் எல்லாம் அந்த ஈரத்துணியோடு போய்விட்டன. அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை.

போன வாரம் கரண்ட் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டியிருக்கும் வால்வுக்குள் நீலமாக ஒரு வெட்டு வெட்டியது. அதோடு சரி. ஏ.சி. மின்சாரத்தை டி.சி. ஆக்கிக் கொடுக்கும் வால்வு அதுதான் என்று நீ விட்டுப்போன புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அதன் எண் என்ன என்பதுதான் தெரியவில்லை.

ரேடியோ ரிப்பேர் செய்யும் சிட்டிபாபு கடைக்கு அந்த வால்வை எடுத்துக்கொண்டு போனேன். அவர் குங்குமப் பொட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்கப்பா வால்வுக்கு அபிஷேகம் பண்ணிட்டாரா? நல்லவேளை, பால் ஊத்தலை" என்று சிரித்தார். பிறகு அலமாரியிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒன்று ஈ.இசட். 80, மற்றது ஈ.இசட். 81. இரண்டுக்கும் ஒன்பது குச்சிகள். இரண்டும் உன் பெட்டியில் உட்காரும். அளவுகோலை வைத்து அளந்து பார்த்தேன். 81 கொஞ்சம் உயரம். பழையது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. "கம்பெனிக்கு கம்பெனி உயரம் மாறும்மா, அதை வெச்சு சொல்ல முடியாது. சின்னது இருக்கவேண்டிய இடத்துல பெருசப் போட்டா டிரான்ஸ்ஃபார்மர் வெந்துபோவும். பெருசு இருக்கவேண்டிய இடத்துல சின்னதப் போட்டா வால்வு வெந்துபோவும். எதுக்கு இந்தத் தலவலி? ஒரு டிரான்ஸிஸ்டர் வாங்கித் தோள்ல மாட்டிக்கினு போ" என்றார். அப்பாவிடம் டிரான்ஸிஸ்டர் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அந்த எண் உனக்கு நினைவிருக்கிறதா? நீ பெட்டியை சவுண்ட் சர்வீஸ்காரரிடம் வாங்கியபோது எங்காவது குறித்திருப்பாயா? டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டால் அதேபோல இன்னொன்று கிடைக்காது என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். பெட்டி போய்விட்டால் அப்பா எதைப் போடு, எதை நிறுத்து என்று சொல்வார்?

நான் மத்தியானம் வரைதான் பள்ளிக்கூடம் போகிறேன். பிறகு தறியில் உன் இடத்தில் உட்கார்ந்து புடவையின் இடக்கரைக்கான நாடாவை எறிகிறேன். முகூர்த்தப் புடவை, அரக்குக் கரை. பாட்டு இல்லாததால் அப்பாவின் கையும் என் கையும் சேர மறுக்கின்றன. மத்தியானப் பாடங்களை என் வகுப்பு லில்லி அவள் நோட்டில் எழுதித் தருகிறாள். அவள் நல்லவள், ஆனால் அவள் கையெழுத்து சரியில்லை.

உடனே பதில் எழுது.

உன் தங்கை,
கு. பெரியநாயகி

*

காமாட்சி துணை

காஞ்சிபுரம்.
13.11.1973

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

உன் கடிதம் வந்தது. அம்மா அதை இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னாள். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு பாவில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். நான் படித்து முடிக்கும்வரை அந்த ஒரே இழையைத்தான் முடிந்தார்.

தீபாவளி வந்தது, போனது. அம்மா அதிரசம் சுட்டாள். உன் பங்கை டப்பாவில் போட்டு வைத்தாள். பிறகு எறும்பு வந்துவிட்டதால் வெயிலில் காயவைத்தாள். இப்போது மறுபடியும் டப்பாவில் இருக்கிறது.

உன் கடிதம் வருவதற்கு முன்பே ஒரு காரியம் நடந்துவிட்டது. தீபாவளிக்கு முந்தின நாள் அப்பா தானே சிட்டிபாபு கடைக்குப் போய் ஈ.இசட். 80 வாங்கி வந்துவிட்டார். "சின்னதப் போட்டா, போனா வால்வோட போவும், பொட்டி தப்பிச்சிக்கும்னு அந்த ஆள் சொன்னான்" என்றார். யோசித்துப் பார்த்தால் அது சரியான யோசனைதான். செருகி சுவிட்சைப் போட்டதும் பாடியது. அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

நாங்கள் தறியில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. பிறகு நாதஸ்வரத்துக்கு அடியில் ஒரு வண்டு முரலும் சத்தம் கேட்டது. சத்தம் உயர வேண்டிய இடத்தில் உயராமல் சோர்ந்து சோர்ந்து விழுந்தது. அப்பா நாடாவை நிறுத்திவிட்டுப் போய்ப் பின்பக்கம் பார்த்தார். நானும் போனேன். வழக்கமாக உள்ளே நடுவில் இருக்கும் கம்பிதான் சிவக்கும். இதில் அதைச் சுற்றியிருக்கும் தகடே பழுக்கச் சிவந்திருந்தது. அப்பா அணைத்துவிட்டார்.

தீபாவளி முடிந்து சிட்டிபாபுவிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "குச்சியெல்லாம் சரியாத்தான் உக்காரும்மா. ஆனா அந்த லோடு இதால தாங்க முடியல. ஓடற வரைக்கும் ஓடும், அப்புறம் வெந்துபோவும்" என்றார். அதை அப்படியே வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். என் வலது தோளில் அம்மா போட்டிருந்த பற்றைப் பார்த்தார். "நாளையிலருந்து சாய்ங்காலம் வரைக்கும் பள்ளிக்கூடம் போ" என்றார். போனேன். ஆனால் நான் இல்லாமல் கரை வேலை நின்றுபோகிறதே, அண்ணா. அம்மா முழங்காலை மடக்கி இடப்பக்கம் உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. நான்காம் நாளே நான் மறுபடியும் மத்தியானத்தில் வந்து உட்கார்ந்துவிட்டேன். அப்பா போகச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை.

இதற்குப் பிறகுதான் உன் கடிதம் வந்தது. உனக்கும் எண் நினைவில்லை என்று எழுதியிருந்தாய். 80 தாங்கவில்லை என்பதாலேயே 81 என்று முடிவு கட்டிவிடலாமா என்று எனக்குத் தயக்கம். வேறு ஏதாவது கோளாறாலும் தகடு சிவக்கலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே. நல்லவேளையாக நீ ஒரு வழி எழுதியிருந்தாய்: அச்சு அழிந்தாலும் அதன் தடம் கண்ணாடியில் இருக்கும், மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஊதுவதுபோல வாயால் ஆவி ஊதி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார் என்று.

நான் ஊதிப் பார்த்தேன். ஆவிதான் தெரிந்தது. அம்மா ஊதினாள், வெற்றிலை வாசனைதான் வந்தது. "பம்பாய்க்குப் போயி இதைத்தான் கத்துக்கினானா" என்று அம்மா அலுத்துக்கொண்டாள். "இங்க குடு" என்று அப்பா கையை நீட்டினார்.

பாவில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண் அது, உனக்குத் தெரியும். வாசலுக்குப் போய் வெயிலுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு ஊதினார். மெல்லத் திருப்பினார். இன்னொரு முறை ஊதினார். "எட்டு" என்றார். பிறகு வெகுநேரம் கழித்து, "ஒண்ணு" என்றார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் ஆவி மறைந்துவிட்டது. எண் தெரிந்த பிறகும் அவர் அதை உள்ளே கொண்டுவரவில்லை. அங்கேயே நின்றுகொண்டு மறுபடியும் ஊதினார்.

எண்பத்தொன்று. இனி சந்தேகமில்லை.

நான் உடனே சிட்டிபாபு கடைக்குக் கிளம்பினேன். அப்பா நிறுத்திவிட்டார். "அவன் கிட்ட இருக்குறது பழைய சரக்கு. பம்பாய்ல நல்லதா கெடைக்கும், அங்கருந்து வரவழைக்கலாம்" என்றார். சரி, தபாலில் அனுப்பச் சொல்லி எழுதுகிறேன் என்றேன். "கண்ணாடிச் சாமானை யாராவது தபால்ல போடுவாங்களா? உடைஞ்சிடும். தெரிஞ்ச கையில எடுத்தாந்தாத்தான் ஒழுங்கா வந்து சேரும். அப்படியே எழுது" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

அண்ணா, நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சிட்டிபாபு கடை வழியாகத்தான் வந்தேன். அந்த 81 அலமாரியில் அப்படியே இருக்கிறது. டப்பா புதுசு, ஒட்டுகூடப் பிரிக்கவில்லை. அவருக்கு வால்வுகள் எல்லாம் மெட்ராஸிலிருந்து தபாலில்தான் வருகின்றனவாம். பஞ்சு சுற்றி அனுப்புவார்களாம், இதுவரை ஒன்றுகூட உடைந்ததில்லையாம். நான் இதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது என்றும் நான் நினைக்கவில்லை.

அப்பா 80-ஐக் கழற்றி வைத்துவிட்டார். அந்தக் குழி காலியாக இருக்கிறது. தூசி விழாமல் இருக்க ஒரு பட்டுத்துண்டைப் போட்டு மூடியிருக்கிறார். காலையில் தறியில் இறங்கும் முன் பழக்கத்தில் பெட்டி அருகே போய் நிற்கிறார், பிறகு வந்துவிடுகிறார்.

எனக்கு மார்ச்சில் பரீட்சை. புடவை தை மாதத்துக்குள் தறியிலிருந்து இறங்க வேண்டும்.

ரயிலில் கூட்டமாக இருக்கும். வால்வை மூட்டைக்குள் வைக்காதே, மடியிலேயே வைத்துக்கொள். அரக்கோணத்தில் இறங்கினால் பஸ் இருக்கிறது. உன் கைக்கு ஒரு குறையும் வராமல், கையில் இருப்பதற்கும் ஒரு குறையும் வராமல் அம்மன் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்னை எதிர்பார்க்கும் தங்கை,
கு. பெரியநாயகி