நேர்ந்துவிட்ட கிடாரி

பரிசுத்த ஆவி துணை

பண்ணை வீடு, கலிபோர்னியா
பாஸ்கா முடிந்த செவ்வாய்

அன்பு மகள் லியோனில்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி ஒலாவோவும் சுகம், என் இடது முட்டியைத் தவிர, அது சுகப்படுகிற எண்ணத்தில் இல்லை. அங்கே நீயும் பேத்தி நத்தாலியாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். நியூ பெட்ஃபோர்டில் இன்னும் குளிர் விடவில்லை என்றாய், பிள்ளைக்குக் காதை மூடுகிற தொப்பி போடு, அழகுக்குப் போடுகிற தொப்பி வேண்டாம். பாஸ்காவுக்கு அனுப்பிய இனிப்பு ரொட்டி நொறுங்கி வந்தது என்று சிரித்தாயாமே, ஒலாவோ சொன்னான். நான் முழுசாகத்தான் அனுப்பினேன். இந்த விஷயத்தைப் போனில் பேசலாமே என்று அவன் சொல்கிறான். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் நான் படித்த நாலு வகுப்பைத் திட்டு.

எனக்கு உன் கையெழுத்து ஒன்று வேண்டும். ஏன் என்று கேட்பாய், சொல்கிறேன், சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. போன மாதம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகிறேன், கோயில் வாசலில் அத்தனை பேர் நடுவில் சுல்மிரா நின்றுகொண்டு, இடலினாக்கா, உங்க வீட்டுக்காரர் பேரு பேப்பர்ல வந்திருக்கே, பாக்கலியா, கவுண்டியில பணம் கெடக்காம் கேக்க நாதியில்லாம, வேணாம்னு விடுற அளவுக்கு வசதி வந்துடுச்சு போல, என்கிறாள். யார் இந்த சுல்மிரா, உன் முதல் நன்மை விருந்துக்கு என் பெரிய செப்புப் பானையை இரவல் வாங்கி ஒடுக்கு விழவைத்துத் திருப்பிக் கொடுத்தவள். செத்த மனுஷன் பெயருக்கு என்ன பணம் என்று ஒலாவோவைப் பார்க்கச் சொன்னேன். அவன் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, ஒண்ணுமில்லம்மா, அந்தம்மா சும்மா கெளப்பி விடுது என்றான். கேட்க ஆளில்லாத பணத்துக்கு மாநிலம் போடும் பட்டியலில் அவன் தேடியிருக்கிறான், பேப்பரில் வந்ததோ நம் மாவட்டத்துக் கவுண்டி ஆபீஸ் போட்ட பட்டியல், இரண்டும் வேறு வேறாம், இவ்வளவு படித்தவனுக்கு அது தெரியவில்லை. அதற்குள் பட்டியலில் பெயரைப் பார்த்த எவனோ ஒருவன் போன் செய்து, பணத்த நாங்க வாங்கித் தர்றோம், மூணுல ஒரு பங்கு எங்களுக்குக் குடுங்க பாட்டி, மத்த அலைச்சல் எல்லாம் எங்க பொறுப்பு என்றான். நான் உனக்கு எப்பப் பாட்டியானேன், உங்கம்மா யாரு எனக்கு என்று கேட்டு வைத்துவிட்டேன். மறுநாள் ஒலாவோவை வண்டி எடுக்கச் சொல்லி நானே கவுண்டி ஆபீசுக்குப் போனேன்.

அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள், நல்ல பிள்ளைதான். கேட்டு வாங்க ஒரு பைசா செலவில்ல பாட்டி, யாருக்கும் பங்கு தராதீங்க என்றாள். என்ன பணம் என்றேன். கோர்ட்டு உத்தரவுல ஒருத்தர் மாசாமாசம் கட்டினது, உங்க வீட்டுக்காரர் பேருக்குச் செக் அனுப்பிக்கிட்டே இருந்தோம், எல்லாம் திரும்பி வந்திருக்கு, கட்டினவர் பேரைப் படிக்கட்டுமா என்றாள். படிக்க வேண்டாம், தெரியும் என்றேன்.

நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. நம் பண்ணையில் பால் கறக்க வந்த உன் புருஷன், அப்போது அவன் உன் புருஷன் இல்லை, சீட்டாட்டக் கடனுக்காகப் பனிமூட்டத்தில் டிரெய்லரைக் கொண்டுவந்து ஆறு கிடாரிகளை ஏற்றிக்கொண்டு போய் ஏலக் களத்தில் விற்றான். அதில் நெற்றியில் வெள்ளை விழுந்த செவலை ஒன்று. நீ நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக் கிடந்தபோது, இந்தப் பிள்ளை எழுந்து நடந்தால் பரிசுத்த ஆவி திருவிழாச் சோற்றுக்கு ஒரு கிடாரி தருகிறேன் என்று அப்பா முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டாரே, அந்தக் கிடாரி. உனக்காக நேர்ந்துவிட்டதைத் திருடியவனைத் தேடிப் பிடித்து நீ கல்யாணம் செய்துகொண்டாய். வேறு மாடு கொடுத்து நேர்ச்சையைத் தீர்த்துவிடலாம் என்று சாமியார்கூடச் சொன்னார். நான்தான் விடவில்லை. எடுத்தவன் காசில்தான் அது தீர வேண்டும், என் காசில் ஏன் தீர வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு திருவிழாவிலும் ஊருக்கே ஊற்றுகிற மாட்டிறைச்சிச் சூப்பு அண்டா பக்கத்தில் நின்று, உங்க வீட்டு மாடு இந்த வருஷமாவது நடந்து வருதா அக்கா என்று சுல்மிரா கேட்பதும், நான் ரொட்டி நறுக்குவதும்.

அவன் பிடிபட்டு, ஆறு கிடாரிக்கும் ஆன நஷ்டத்தை மாதாமாதம் கட்டு என்று நீதிபதி சொன்னபோது இவனாவது கட்டுவதாவது என்று அந்த இடத்திலேயே சொன்னவள் நான். அவர் கட்டிட்டுத்தாம்மா இருக்கார் என்று நீ போனில் சொன்னபோதும் நம்பவில்லை, போனை வைத்தேன். கோர்ட்டு முத்திரை போட்ட கவர்கள் வந்ததெல்லாம் உண்மை. ஜன்னல் வைத்த கவரில் யாராவது நல்ல செய்தி அனுப்புவார்களா, இன்னொரு வழக்குக்குக் கூப்பிடுகிறார்கள் என்று பிரிக்காமலே தபால்காரன் கையில் திருப்பிக் கொடுத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். அப்பா அந்தப் பணம் வந்தது தெரியாமலே கண்ணை மூடிவிட்டார். அதற்கு யார் பொறுப்பு என்று நீ கேட்காதே, நானும் கேட்கவில்லை.

நல்லாப் பாரு, பாக்கி வச்சிருப்பான் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கம்பிப் பல்லைக் காட்டி, இல்ல பாட்டி, எட்டாயிரத்து நானூறு டாலரும் முழுசா கட்டி முடிச்சுட்டார், ஒரு சென்ட் பாக்கியில்ல என்றாள். மறுபடி பார் என்றேன். மறுபடியும் பார்த்தாள். நல்லது நடந்ததுபோல அவள் சிரிக்கிறாள், எனக்கோ இரண்டாவது முறையும் வீட்டில் திருட்டுப் போனதுபோல இருந்தது.

இப்போது பார், அப்பா பெயரில் கிடக்கிறது, அதனால் வாரிசுகள் எல்லோரும் கேட்க வேண்டுமாம். அவர் இறப்புச் சான்றிதழ், எங்கள் கல்யாணப் பத்திரம், அது நாங்கள் பிறந்த தெர்சேரா தீவில் கோயில் பெட்டியில் கிடந்து வந்து சேர்ந்தது, அப்புறம் நான், ஒலாவோ, நீ, மூன்று பேரும் நோட்டரி முன்னால் போட்ட கையெழுத்து. உன் புருஷன் கட்டின பணத்தை அவன் பெண்டாட்டி கையெழுத்துப் போட்டு நான் வாங்க வேண்டும், இப்படி ஒரு சட்டத்தை எவன் எழுதினான். மே மாதம் முடிவதற்குள் கேட்காவிட்டால் கவுண்டியே தன் பொதுக் கணக்கில் போட்டுக்கொள்ளுமாம்.

போட்டுக்கொள்ளட்டும் என்றுதான் முதலில் எழுந்து வந்தேன். ஒலாவோவும், விட்டுத் தொலைம்மா, உனக்கும் நிம்மதி என்றான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்த வாய்க்கால் வந்தது. கவுண்டிக்காரன் ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று என் நாலு அத்தி மரத்தையும் வெட்டிப் போட்ட இடம், காய் பழுக்க ஒரு வாரம் பொறுங்கள் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. உன் புருஷனாவது கூச்சப்பட்டுப் பனியில் ஒளிந்து வந்தான், இவன் பட்டப்பகலில் அளவு நாடாவோடு வந்தான். இவன் வாயிலா அந்தப் பணம் போக வேண்டும்? உங்கள் ஊர் மீன் ஆலையில் குளிரில் நின்று மீன் அறுத்துச் சம்பாதித்த காசு, அறுத்தவன் யாராக இருந்தால் என்ன, இவன் தின்ன விடமாட்டேன். ஒலாவோவிடம் வண்டியைத் திருப்பு என்றேன். முனகினான், திருப்பினான்.

ஆகவே இதோடு வைத்திருக்கும் தாளில், நான் மடித்துக் காட்டியிருக்கும் இடத்தில், நோட்டரி பார்க்க உன் கையெழுத்தைப் போடு. வீட்டிலேயே போட்டுவிட்டு அப்புறம் அவரிடம் கொண்டுபோனால் செல்லாது, அந்தப் பெண் இரண்டு தடவை சொன்னாள். பதிவுத் தபாலில் அனுப்பு, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே, உன்னை எனக்குத் தெரியும்.

செக் எப்போது வந்தாலும் வரட்டும், விலை பேசி ஒரு கிடாரி பிடித்துவிட்டேன், முன்பணமும் கொடுத்தாயிற்று. அன்றைக்கு ஆறு வாங்கின காசுக்கு இன்றைக்கு இரண்டுகூட முழுசாக வராது, அநியாய விலை. செவலைதான், நெற்றியில் வெள்ளை இல்லை, பரவாயில்லை. ஜூன் மாதத் திருவிழாவில் பூ சுற்றிக் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் நடத்திப் போக வேண்டும். கயிற்றை வீட்டு ஆண் பிடிக்க வேண்டும் என்பது முறை. ஒலாவோ மாட்டைக் கண்டால் நாலடி தள்ளி நிற்கிறான். என் முட்டி உனக்குத் தெரியும். அதனால் எவரிஸ்டோ வந்து பிடிக்கட்டும். ஓட்டிக்கொண்டு போனவனே ஓட்டிக்கொண்டு வரட்டும், ஊர் முழுக்க இரண்டு பக்கமும் நின்று பார்க்கட்டும், சுல்மிரா முன்வரிசையில் நிற்கட்டும். எவளாவது ஏதாவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். நத்தாலியாவைக் கூட்டிவர மறக்காதீர்கள், அவளுக்குப் பெரிய அறையைக் கழுவி வைக்கிறேன்.

கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும். அப்பாவின் கல்லறைக்கு இந்த வாரம் ரோஜா வைத்தேன், நீ கேட்டதாகச் சொன்னேன்.

என்றும் உன் அம்மா,
இடலினா

பி.கு. எவரிஸ்டோவை வெள்ளைச் சட்டை கொண்டுவரச் சொல். மீன் வேலைக்குப் போடுகிற அந்தக் கோட்டோடு வந்து நிற்க வேண்டாம், மாடு மிரளும்.