குங்குமம் வைத்த மலைத்தும்பி

வெள்ளி, காலை, பூசைக்குப் பின்

நாலாம் ஓடைக் கண்காணிப்புக் குடில். எழுதுவது கோமளவல்லி. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் இந்தக் கருவியின் சூரியத் தகடு வேலை செய்கிறது. அரிசி, பருப்பு போதும். முருகனுக்கு விளக்கேற்றிவிட்டுக் கரையைச் சுற்றி வந்தேன். எந்திரத் தும்பிகள் வழக்கம்போலப் பறக்கின்றன.

இந்தக் கருவி யார் கையில் கிடைத்தாலும் தெரிந்துகொள்ளட்டும். உயிருள்ள மலைத்தும்பி இங்கே இருக்கிறதென்று நிரூபித்தால் சட்டப்படி ஓடை பிழைக்கும். இல்லாவிட்டால் நாளை மதகு இறங்கும், தண்ணீர் முழுவதும் குழாயில் நகரத்துக்குப் போகும், கீழே எங்கள் ஊர் காயும். அசல் தும்பி அழிந்துவிட்டது, பறப்பதெல்லாம் கொசு பிடிக்கத் தாங்கள் விட்ட எந்திரங்கள் என்கிறது நீர்வாரியம்.

வெள்ளி, உச்சிவேளை

கிடைத்தாள்!

மதகுக்குப் பக்கத்துப் பாறையில் இருந்தாள். கறுப்பு உடம்பு, மஞ்சள் பட்டைகள். பச்சைக் கண்கள் உச்சந்தலையில் ஒரு புள்ளியில் மட்டும் தொடுகின்றன. எந்திரத்துக்கும் இதே அச்சுதான். ஆனால் இவள் இறக்கையின் ஓரம் கிழிந்திருக்கிறது, மூச்சுக்கு வயிறு ஏறி இறங்குகிறது. வால் நுனியில் ஆணிபோல முட்டையிடும் உறுப்பு.

முந்தானையால் மூடிப் பிடித்தேன். வெள்ளிக்கிழமை வந்தவளை வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை. மார்பில் துளிக் குங்குமம் வைத்து, படம் எடுத்து வாரியத்துக்கு அனுப்பிவிட்டு, பறக்கவிட்டேன்.

வெள்ளி, மாலை

வாரியத்தின் பூச்சி அதிகாரி ஜெபசீலன் அழைத்தார்.

"அம்மா, மார்புல செவப்புப் புள்ளி இருக்கே? அப்படி ஒரு தும்பியே கெடையாது. போலின்னு எங்க கருவி தள்ளிருச்சு."

"அது குங்குமம் சார். வந்தவளுக்கு வச்சேன்."

"வெத்தல பாக்கு குடுத்தீங்களா?"

"வெத்தல தீந்துபோச்சு."

சிரித்தார். "இனி படம் செல்லாதும்மா. பெட்டி அனுப்புறேன். புடிச்சு, ஊசியில குத்தி, உடம்பக் குடுங்க."

என் வீட்டுக்காரரும் இணைப்பில் வந்தார். "ஏ கோமளா, ஒரு பூச்சிக்காக ஊரையே காயப்போடுவியா? குத்திக் குடுத்துட்டு வா."

"அவ வயித்துல முட்டையோட இருக்கா. உங்களுக்குப் புரியாது."

அவள் இருந்தாள் என்று காட்ட அவளையே கொல்ல வேண்டுமாம். எந்தச் சட்டத்தில் இருந்தாலும் அது பாவம். செய்ய மாட்டேன்.

சனி, காலை

பெட்டி வந்தது. ஊசிக்குக் காதே இல்லை, ரவிக்கைக்குக் கொக்கி தைக்கக்கூட உதவாது. திருப்பி அனுப்பிவிட்டேன். கூடவே செய்தி: "சார், உங்க எந்திரம் முட்டையிடுமா?"

பதில் தாமதமாக வந்தது. "இடாதும்மா. அவ இடறத நேரலையில என் கண்ணால பாத்தா, நானே கையெழுத்துப் போடுறேன். ஆனா மதகு தானா எறங்குற மாதிரி வச்சாச்சு. என் கையெழுத்து விழுற வரைக்கும் நிறுத்த முடியாது. வெலகி நில்லுங்க."

சனி, வெயில் ஏறிய நேரம்

வந்துவிட்டாள். குங்குமம் பாதி அழிந்திருக்கிறது. இடம் பார்த்தாளே, மதகுக்கு நேர் கீழே இருக்கும் சரளை மணல்! கரையிலிருந்து படம் தெரியவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, மதகின் அடியில் உட்கார்ந்து, ஜெபசீலனுக்கு நேரலையைத் திறந்து கருவியை நீட்டியிருக்கிறேன்.

செங்குத்தாக எழுகிறாள். வாலை மணலில் குத்துகிறாள். எழுகிறாள். குத்துகிறாள். முருகா.

மேலே சங்கிலி ஓடுகிறது.

"அம்மா, வெளிய வாங்க! எறங்குது!"

"படம் தெரியுதா சார்?"

"தெளிவா இல்ல... முதல்ல நீங்க வெளிய வாங்கம்மா!"

கருவியின் தகட்டில் நீர் தெறித்துவிட்டது. மிச்ச மின்சாரம் படத்துக்கோ எழுத்துக்கோ, ஒன்றுக்குத்தான் வரும். படத்துக்கே கொடுக்கிறேன். அவள் இன்னும் முடிக்கவில்லை. அவள் எழுந்த பிறகுதான் நான் எழுவேன். அதற்குள் இறக்குவதாக இருந்தால் இறக்கட்டும், நான் இங்கேதான்