சேலைகளுக்கு அடியில் இருந்த பற்றரி

என் செல்லத் தம்பி சுதன்,

உன் மூச்சு மெஷினை நேற்றுக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கோபிக்காதே. அங்கே ஒரு ரீச்சரின் கணவருக்கும் உன்னைப் போலத் தசைகள் சோரும் வருத்தம். நெஞ்சு தானாக ஏறி இறங்குவதில்லை.

லண்டன் மாமா அதை அனுப்பியபோது, "உன்ர ஹான்ட்பாக் அளவுதான் அக்கா, ஆனா உன்னை விடச் சத்தம்" என்று பழித்தாயே! கிழமைக்கொரு தரம் பில்டரைக் கழுவி உலர்த்துவேன். குழாயில் தேங்கும் தண்ணீரைக் காலையும் மாலையும் வடிப்பேன். மேலதிக பற்றரிக்கு மாதமொரு தரம் சார்ஜ். எல்லாம் ஒழுங்காகச் செய்ததாகத்தான் ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.

உண்மை உனக்குத் தெரியும். போர்க்காலம்; கொழும்பு வெள்ளவத்தையில் ஆமி குண்டு தேடி வீட்டுச் சோதனை மாறி மாறி நடத்திய நாட்கள். வயர் தொங்கும் கறுப்புப் பெட்டி ஒரு தமிழர் வீட்டில் இருந்தால் என்ன நினைப்பார்கள்? பயத்தில் அந்த மேலதிக பற்றரியை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்தேன். வெளியே எடுத்துச் சார்ஜ் போடவும் பயம். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் போய்விட்டது.

அன்று காலை ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். கரண்டும் இல்லை. மெஷின் உள் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அடையாள அட்டையோடு கீழே றோட்டில், நான் உன்னோடு. மேலே வந்த ஆமிக்காரன் உன்னைப் பார்த்து, "நெகிட்டின்ன" என்று சிங்களத்தில் சொன்னான். எழும்பட்டாம்! அந்த நேரம் பார்த்துச் சார்ஜ் தீர்ந்து மெஷின் அலறியது. அவன் துள்ளிப் பின்வாங்கித் துவக்கை நீட்டினான்.

"போம்ப நெவெய் மஹத்தயா! மல்லிகே ஹுஸ்ம!" குண்டில்லை, தம்பியின் மூச்சு என்று கத்திக்கொண்டே சேலைகளை இழுத்தெறிந்து பற்றரியை எடுத்து மாட்டினேன். மெஷினில் ஒரு விளக்கும் எரியவில்லை. துவக்குக்குக்கூட நான் அப்படிப் பயப்படவில்லையடா.

காற்றடிக்கும் றப்பர் பையை உன் முகத்தில் பொருத்திக் கையால் அமுக்கினேன். "பஹலட்ட என்ட", கீழே வா என்று அவன் அதட்டிக்கொண்டே இருந்தான். நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் நீ இல்லை. கடைசியில் அவன் துவக்கைத் தாழ்த்திக் கதவடியில் நின்றான். கரண்ட் வந்தபோது என் விரல்கள் மரத்திருந்தன.

அம்மா ஓடிவந்து, "மற்றப் பற்றரி எங்கையடி? சார்ஜ் போட்டனியெல்லோ?" என்று கேட்டார். நான் வாய் திறக்கமுன் நீ சொன்னாய், மெஷின் தந்த மூச்சுக்கு ஒரு சொல்லாக: "அது... பழுதாப்... போச்சம்மா." என்னைப் பார்க்கவே இல்லை.

ஏழு மாதம் கழித்துச் சளிக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. பழுதைத் திருத்தியாயிற்று என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன்; அன்று இரண்டு பற்றரியிலும் சார்ஜ் நிறைய இருந்தது. ஏனடா எனக்காகப் பொய் சொன்னாய்? ஒரு தரமாவது என்னைத் திட்டியிருக்கலாமே?

நேற்று ஓட்டோவில் பற்றரியை மடியில், எல்லோருக்கும் தெரிய வைத்திருந்தேன். செக்பொயின்றில் மூன்று தரம் மறித்தார்கள். டொக்டரின் கடிதத்தை நீட்டினேன். விட்டுவிட்டார்கள்.

"செக்கிங் வந்தா இதை எங்க வைக்கிறது தங்கச்சி?" என்று ரீச்சர் மெல்லக் கேட்டார்.

"கட்டிலுக்குப் பக்கத்தில, கண்ணுக்குத் தெரிய வையுங்கோ அக்கா. நான் ஒளிச்சு வச்சு என்ர தம்பியைச் சாகக் குடுக்கப் பாத்தனான்."

முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன். மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் அங்கே போய் நானே சார்ஜ் பார்ப்பேன். இது சத்தியம்.

அம்மா குசினியில் தேங்காய் துருவுகிறார். உன் பேச்சை நம்பி, அந்தப் பற்றரி செய்தவனை இன்றைக்கும் திட்டுகிறார். இதை முடித்ததும் எழுந்துபோய், அது பழுதாகவே இல்லை அம்மா என்று சொல்லப்போகிறேன்.

இனி எதையும் ஒளிக்காத
உன் அக்கா வதனி