இங்கு சோறு கிடையாது

தேனி,
24.1.1979

அன்புள்ள மாமாவுக்கு, பவுனு கும்பிட்டு எழுதிக்கொண்டது.

இங்கன நானும் மாடு கன்னும் சொகம். வயல ராக்கையா அண்ணன் பாத்துக்கிறாக. அண்ணன் பொஞ்சாதி, அதான் உங்க தங்கச்சி கருத்தம்மா, என்கூட இன்னும் பேச்சுவார்த்தை இல்ல. அங்கன நீங்க சொகமான்னு கேட்டா பதில் போட மாட்டீகன்னு தெரியும். அதனால கேக்கல. உங்க ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பு ஓட்டுற ஜேசுராஜ் மலைய விட்டு எறங்குறப்பல்லாம் மறிச்சு நிறுத்தி விசாரிச்சுக்கிறேன். கங்காணி வேலையில சேந்துட்டீகளாம். புதுக் கம்பளி வாங்கியிருக்கீகளாம். மூணு வேளையும் சோறாம். ரொம்பச் சந்தோசம்.

மொதல்லயே சொல்லிர்றேன். கருத்தம்மா மக கல்யாணப் பந்தியில உங்க எலையில இருந்த சோத்த நான் அள்ளி எடுத்தது தப்புன்னு எழுதியிருப்பேன்னு நெனச்சு இதப் பிரிச்சிருந்தீகன்னா, மடிச்சு வச்சிருங்க. அன்னைக்கு எடுத்தேன், நாளைக்கும் எடுப்பேன். கல்யாணத்துக்கு மொத நாள்தான் டாக்டர் ஐயா கண்ணாடிக் குழாயில உங்க மூத்திரத்தக் காச்சிக் காட்டுனாக. செங்கப்பொடி கணக்கா நின்னுச்சு. சீனி தலைக்கு மேல போயிருச்சு, இனிமே சோறு, இட்லி, கெழங்கு, இனிப்பு எதுவும் தொடக்கூடாதுன்னு சொன்னாக. நீங்களும் மண்டைய மண்டைய ஆட்டுனீக. மறுநா பந்தியில ரெண்டாம் சோறும் வாங்கி, பாயசத்தையும் அதுமேல ஊத்தச் சொன்னா நான் என்னத்தப் பாத்துக்கிட்டு நிப்பேன்?

சம்பந்தகாரக அத்தனை பேரு முன்னாடியும் பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போனீக. நெல்லு வெளைய வைக்கிறவனுக்குச் சோறு கிடையாதாம்னு ஊர் பூராம் சொல்லிட்டு அன்னைக்கே குமுளி பஸ் ஏறிட்டீக. நமக்குப் புள்ளையா குட்டியா? வீட்டுல இருந்தது நீங்களும் நானுந்தான். அதுல ஒரு ஆளு போயிட்டா மிச்சம் என்ன இருக்கும்னு நெனச்சுப் பாக்கலையே.

சரி, சேதிக்கு வாரேன். நான் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கேன் மாமா. நெசமாத்தான். மார்க்கெட்டுக்குப் பின்னாடி, ஏசுதாசன் ஜவுளிக்கடை இருக்கில்ல, அதுக்கு அடுத்த சந்துல. ஏசுதாசன் அண்ணாச்சிக்கும் சீனி வியாதி. டாக்டர் வீட்டு பெஞ்சில பழக்கம். நீங்க போனப்புறம் உங்க மாத்திரையக் கேக்கப் போனேன். அந்த பெஞ்சில பத்துப்பேரு ஒக்காந்து ஒரே பாட்டத்தான் பாடுறாக. வீட்டுல தனிச்சட்டியில ஆக்கித் தனியா ஒக்கார வைக்கிறாகளாம். வெளிய எந்த ஓட்டலுக்குப் போனாலும், வேணாம்னு சொல்லி வாய மூடுறதுக்குள்ள எலையில சோத்தக் கொட்டிர்றாகளாம். போடியிலருந்தும் கடமலைக்குண்டுலருந்தும் சரக்குப் போட வர்றவுக மத்தியானம் பட்டினியா பஸ் ஏறுறாகளாம்.

அங்கனயே எனக்குத் தோணிருச்சு. போர்டு எழுதுற ஆளுகிட்டப் போயி, சர்க்கரை வியாதிக்காரர் சாப்பாடு, இங்கு சோறு கிடையாது அப்படின்னு எழுதுப்பான்னேன். அவன் தூரிகையக் கீழ வச்சுட்டான். யக்கா, சோறு கிடைக்கும்னுதான எல்லாரும் போர்டு வைப்பாக, நீ நெசமாத்தான் சொல்றியான்னு கேட்டான். கடை தெறந்த அன்னைக்குச் சந்து மொனையில ஒரே கூட்டம். எல்லாம் போர்டப் பாத்துச் சிரிக்க வந்த கூட்டம். உள்ள வந்து ஒக்காந்தது ஏசுதாசன் அண்ணாச்சி ஒருத்தர்தான்.

என்ன போடுறேன்னு கேப்பீக. முட்டைக்கோச அரிசி அளவுக்குப் பொடிப்பொடியா நறுக்கி, உப்புப் போட்டு அரை வேக்காட்டுல எடுத்து, எலையில சோறு வைக்கிற எடத்துல குமிச்சு வைக்கிறேன். அதுமேல கோழிக் கொழம்பு, இல்லாட்டி அயிர மீன் கொழம்பு. தொட்டுக்கப் பாகக்கா, வாழத்தண்டு, கீரை, ரெண்டு முட்டை. கடைசியா ரசம், மோரு. பாக்கச் சோறு மாதிரியே இருக்கும். பெசஞ்சு சாப்பிடலாம். அண்ணாச்சி கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டு மொத வாய் வச்சாக. முழுங்குற வரைக்கும் நான் கரண்டியோட பக்கத்துலயே நின்னேன். சோறுன்னு நெனைச்சா சோறுதான் தாயின்னு சொன்னாக.

ஒரு ஆளு மட்டும் எலையில சோறில்லாம ஒக்காந்தா அவமானமாத்தான் இருக்கும் மாமா. அது எனக்கு அன்னைக்கே தெரியும். பந்தியில ஒக்காந்த எல்லாரு எலையிலயும் சோறில்லன்னா யாரு யாரப் பாத்துச் சிரிப்பா? அதுக்குத்தான் இந்தக் கடையப் போட்டேன். சொவத்தோரம் மொத எடம் உங்களுக்கு. தெனமும் அங்கன எலையப் போட்டுத் தண்ணி தெளிச்சுட்டுத்தான் மத்தவுகளுக்குப் போடுறேன்.

ஜேசுராஜ் கிட்டத் தூக்குவாளி குடுத்து விட்டிருக்கேன். கோழிக் கொழம்பு தனியா, கோசு தனியா இருக்கு. ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க. வாளியத் திருப்பி அனுப்புங்க.

இப்படிக்கு,
உங்க கோவத்துக்குப் பயப்படாத
பவுனு


தேனி,
28.3.1979

அன்புள்ள மாமாவுக்கு, பவுனு கும்பிட்டு எழுதிக்கொண்டது.

கடை நல்லா நடக்குது. போர்டப் பாத்துச் சிரிச்ச தாலுகாபீஸ் கிளார்க்கு ஒருத்தரு, போன வாரம் அவரே மருந்துச்சீட்டோட வந்து ஒக்காந்திருக்காரு. என்ன சார்வாள், இங்கன சோறு கிடையாதேன்னு கேட்டேன். போடும்மா, மானத்த வாங்காதன்னாரு. பெரியகுளத்துலருந்து கூட ஆளுக வர்றாக.

இன்னொரு அதிசயத்தக் கேளுங்க. உங்க தங்கச்சி கருத்தம்மா ஒரு நாள் மத்தியானம் இடுப்புல கையக் குடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நின்னா. எங்க அண்ணன மலைக்குத் தொரத்திட்டு நீ இங்கன கடை நடத்துறியாக்கும்னு கத்துனா. பந்தி பூராம் நிமிந்து பாக்குது. நான் அந்தச் சொவத்தோரத்து எலையக் காட்டி, இது உங்க அண்ணன் எலைன்னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்த எலையவே பாத்தா. அப்புறம் சேலையத் தூக்கிச் சொருகிட்டு அடுப்படிக்குள்ள போயி, கோசு நறுக்குற லெச்சணமா இதுன்னு அருவாமணைய இழுத்துப் போட்டு ஒக்காந்துட்டா. அன்னைலருந்து நறுக்குறது அவதான். வாயி மட்டும் கொறையல.

தூக்குவாளி வந்துச்சு. மொதத் தடவ ஊசிப் போயி அப்படியே வந்துச்சு. ரெண்டாந் தடவயும் அப்படியே. மூணாந் தடவ கழுவிக் கவுத்துன வாளியா வந்ததப் பாத்து எனக்குப் பூமியில கால் பாவல. கருத்தம்மாகிட்டக் காட்டுனேன், அண்ணாச்சிகிட்டக் காட்டுனேன். அப்புறம்தான் ஜேசுராஜ் தலையச் சொறிஞ்சுக்கிட்டு உண்மையச் சொன்னான். வழியில கம்பம்மெட்டுலயே அவன் தின்னுட்டானாம். ஒச்சாண்டியண்ணன் எப்படியும் தொட மாட்டாரு, உங்க மொகத்தப் பாக்க எனக்குச் சங்கடமா இருக்குக்கான்னான். திட்டுறதுக்கு வாயெடுத்தேன், அழுகதான் வந்துச்சு.

அவன் இன்னொண்ணும் சொன்னான். கால ஊண்டி நடக்க மாட்டேங்கிறீகளாம். அட்டை கடிச்ச புண்ணு, ஆறிரும்னு பச்செலையக் கட்டிக்கிட்டுத் திரியுறீகளாம். மாமா, நம்ம டாக்டர் ஐயா என்ன சொன்னாக? வயித்துல அடிச்சாக்கூடத் தாங்கிக்கலாம், கால்ல புண்ணு மட்டும் வரவிடாதன்னு சொன்னாகள்ல? நான் பக்கத்துல நின்னுதான கேட்டேன். எம்மேல இருக்கிற கோவத்த எம்மேல காட்டுங்க. கால் மேல காட்டாதீக. செருப்பில்லாம தோட்டத்துல எறங்காதீக. கம்பத்துக்காவது வந்து ஒரு டாக்டரப் பாருங்க.

நம்ம வயல் அறுப்பு முடிஞ்சுருச்சு. ராக்கையா அண்ணன் மூடை மூடையா கொண்டாந்து வீட்டுல அடுக்கிட்டாக. நல்ல வெளச்சல். வீடெல்லாம் புது நெல்லு வாசன. திங்கத்தான் ஆளில்ல. ஒத்த மூடைய மட்டும் விக்காம வச்சிருக்கேன். எதுக்குன்னு எனக்கே தெரியல.

நான் வந்து கூப்பிடுறேன்னு ஜேசுராஜ் கிட்டச் சொன்னதுக்கு, அவ மலையேறுனா நான் அங்கிட்டு மலையாளத்துக்குள்ள எறங்கிருவேன்னு சொன்னீகளாம். நீங்க செய்யுற ஆளுதான். அதனால வராம இருக்கேன். ஒரு வரி எழுதுங்க. திட்டியாவது எழுதுங்க.

இப்படிக்கு,
பவுனு


தேனி,
24.4.1979

அன்புள்ள மாமாவுக்கு, உங்க பவுனு எழுதிக்கொண்டது.

ஜேசுராஜ் நேத்து மத்தியானம் வந்தான். வழக்கமா உள்ள நொழையுறப்பவே யக்கா பசிக்குதுன்னு சத்தம் போடுறவன், நேத்து வந்து எலை முன்னாடி ஒக்காந்து கைய மடியில வச்சுக்கிட்டான். கருத்தம்மாதான் மொதல்ல கண்டுபிடிச்சா. என்னடா எங்க அண்ணனுக்குன்னு கேட்டா.

எல்லாத்தையும் சொல்லிட்டான். கால் வெரலு ரெண்டும் கறுத்துப் போச்சுன்னு சொன்னான். கறுப்பு கரண்டைக்காலுக்கு மேல ஏறிருச்சுன்னு சொன்னான். வாடைக்கு வெக்கப்பட்டு யாரையும் அறைக்குள்ள விட மாட்டேங்கிறீகளாம். தோட்டத்து மலையாள வைத்தியரு, இது எண்ணெய்க்குக் கேக்காது, மதுரைக்குக் கொண்டு போங்கன்னு கைய விரிச்சுட்டாராம். காய்ச்சல்ல பொலம்புறீகளாம். பவுனு, எலையப் போடுன்னு சொல்றீகளாம். தெளிஞ்சு இருக்கிறப்ப ஜேசுராஜ், ஜீப்புல ஏறுங்கண்ணேன்னு கெஞ்சியிருக்கான். அதுக்கு நீங்க, அவ கையால சோறு போடுறான்னா வர்றேன், கோசுக்கீரைன்னா என்னை இங்கனயே விட்டுருன்னு சொன்னீகளாம்.

அவனையும் கூட்டிக்கிட்டு அப்படியே டாக்டர் ஐயாகிட்ட ஓடுனேன். பந்தியில ஒக்காந்தவுகளக் கருத்தம்மா பாத்துக்கிட்டா. ஐயா அவன்கிட்ட ஒவ்வொண்ணாக் கேட்டாக. எது வரைக்கும் கறுப்பு, மூச்சு எப்படி, மூத்திரம் போகுதான்னு கேட்டாக. ஒடனே எறக்கிக் கொண்டாங்க, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டுத் தாரேன், முழங்காலோட எடுத்தாத்தான் பாக்க முடியும்னு சொன்னாக. மத்தது கடவுள் கையிலன்னாக. நான் எந்திரிச்சு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, ஐயா, சோறு கேக்குறாக, போடலாமான்னு கேட்டேன். அவுக கண்ணாடியக் கழட்டித் தொடச்சாக. அப்புறம், போடும்மா, அவரு கேக்குறதப் போடுன்னு சொன்னாக.

போடக்கூடாதுன்னு அவுக என்னை அதட்டியிருந்தா நான் நிம்மதியா வீட்டுக்கு வந்திருப்பேன் மாமா.

கடைக்கு வந்து போர்டக் கழட்டிச் சொவத்தப் பாக்கத் திருப்பி வச்சுட்டேன். நாளைக்குக் கடை இல்லன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன். ஏசுதாசன் அண்ணாச்சி, ஜீப்புல படுத்துக்கிட்டு வர மெத்தை வேணுமில்லன்னு சொல்லி அவுக கடையிலருந்து ரெண்டு மெத்தையக் குடுத்து விட்டிருக்காக. அதுல நல்லாக் கால நீட்டிப் படுங்க. வாடைய நெனச்சு வெக்கப்படாதீக. நான் பாக்காத உங்க கால் எது? ராத்திரியில மலைப்பாதை ஆகாதுன்னு விடியத்தான் ஜீப்பு கெளம்புது; ராக்கையா அண்ணனும் அதுல வர்றாக, அவுக தூக்கி வைப்பாக. நான் மலைக்கு வரல. நான் வந்தா வேற பக்கம் எறங்கிருவேன்னு சொன்ன ஆளு நீங்க. இப்ப எந்தப் பக்கமும் எறங்க முடியாதுன்னு தெரிஞ்சும் எனக்கு அந்தப் பயம் போகல. அதோட, நான் இங்கன இருந்து அடுப்பப் பத்த வைக்கணும்.

அந்த ஒத்த மூடைய நேத்தே அவுத்துட்டேன். நானும் கருத்தம்மாவும் ஒலக்கையப் போட்டுக் குத்துனோம். அவ இம்புட்டு நேரம் வாயத் தெறக்காம இருந்து நான் பாத்ததில்ல. நம்ம வயல் அரிசி, பாலாட்டம் வெள்ளையா இருக்கு. இந்தக் கடை அடுப்புல சோறு பொங்கப் போறது இதுதான் மொதத் தடவ. ஜீப்பு சத்தம் சந்து மொனையில கேட்டதும் வடிச்சுருவேன். உங்க எடத்துலயே எலை போடுறேன். கோழி அடிச்சுக் கொழம்பு வைக்கிறேன். நெய் உண்டு, பாயசமும் உண்டு. நீங்க போதும்னு கைய மறிக்கிற வரைக்கும் போடுவேன். எலைப் பக்கம் என் கை வராது. கருத்தம்மா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். சாப்பிட்டு முடிச்சதும் அதே ஜீப்புல மதுரைக்குப் போறோம். ஒத்தக் காலோட வந்தாலும் உங்களுக்கு நான் இருக்கேன்.

இதச் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். நீங்க பந்தியில எந்திரிச்ச அன்னைலருந்து நானும் சோறு திங்கல மாமா. பொங்கலுக்குக்கூடச் சாமிக்குப் படைச்சுட்டு மாட்டுக்கு வச்சுட்டேன். நீங்க சாப்பிட்டு வச்ச எலையிலயே ஒக்காந்து நானும் ரெண்டு வாய் சாப்பிடணும்.

வீரபாண்டித் திருவிழாவுக்குக் கோயில்ல கம்பம் நட்டாச்சு. வருசம் தவறாம நாம கும்பிட்ட கௌமாரியாத்தா உங்கள எங்கிட்டக் கொண்டாந்து சேக்கட்டும். கோவத்தோடவே வாங்க. திட்டிக்கிட்டே வாங்க. சாப்பிடுற வாயோட வந்துருங்க. நீங்க கேட்ட சோத்த நான் என் கையால போடுறேன் மாமா. உங்க வாயில போடச் சொல்லி வேற அரிசிய அள்ளி என் கையில குடுத்து, போடு பவுனுன்னு ஊரு சொல்லுற மாதிரி மட்டும் வந்துறாதீக.

எலையப் போட்டு வச்சிருக்கும்,
பவுனு