பத்து நாள் பொறுக்காத வளையல்

தூத்துக்குடி,
சித்திரை 9

அன்பு மகள் பானுப்ரியாவுக்கு,

அம்மா சுகம். உனக்கும் மாப்பிள்ளைக்கும் செந்தூர் முருகன் துணை. போனைப் பாதியில் வைத்துவிட்டாய், அதனால்தான் கடிதம். இதை முழுதாகப் படித்தாக வேண்டும். மஸ்கட்டில் வெயில் எப்படி? இங்கே உப்பளக் காற்றில் ஜன்னல் கம்பி மறுபடியும் துருப்பிடித்துவிட்டது.

நீ கேட்டது நியாயம்தான். கடைக்காரர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கும் மகமைப் பணத்திலிருந்து, சித்திரை முதல் தேதியில் பாக்கி இருந்த நம் பிள்ளைகளின் படிப்புக் கடனை அடைப்பதாகச் சங்கம் அறிவித்திருக்கிறது. எதிர்வீட்டு இசக்கிசெல்வியின் மூன்று லட்சமும் அதில் தீரும். உன் கடைசிப் பாக்கியை நானோ பங்குனிக் கடைசியில் வளையலை விற்றுக் கட்டிவிட்டேன். ஒழுங்காகக் கட்டினவள் ஏமாளியா என்றாய். அப்பாவும் முப்பது வருடம் உப்பு மூட்டைக்கு மகமை எடுத்து வைத்தவர்தானே என்றாய்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் கட்டப் போவது தெரிந்து, சங்கச் செயலாளர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி வீடு தேடி வந்தார். "மதினி, ஒரு பத்து நாள் பொறுங்களேன்" என்று தலையைச் சொறிந்தார். அறிவிக்கும்வரை அவர் வாய் திறக்கக் கூடாதாம். என்னால் கட்ட முடியாது என்று நினைக்கிறாரோ என்று எனக்குக் கோபம். புது வருடத்தைக் கடனோடு தொடங்கும் வழக்கம் இந்த வீட்டில் இல்லை என்று சொல்லி, காபிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன். மறுநாள் வங்கி திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் எப்படி மதினி சொல்லணும்? கொட்டடிச்சா?" என்கிறார். தெருவே சிரிக்கிறது. நானும்தான்.

கடனைக் கட்டி முடித்த வீட்டார் சிலர் போன வாரம் வந்தார்கள். எல்லாருக்கும் பங்கு, இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம் என்று மனு கொடுக்க வேண்டுமாம். பிழையில்லாமல் எழுத நான்தான் வேண்டுமாம். மார்ஜின் போட்டு, 'பெருமதிப்பிற்குரிய' வரை எழுதினேன். அதற்குமேல் பேனா போகவில்லை.

ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். என் கான்வென்ட் படிப்புக்கு உன் தாத்தா பணம் கட்டினார் என்று சொல்லியிருக்கிறேன். பத்தாம் வகுப்போடு அவரால் முடியவில்லை. மீதி இரண்டு வருடமும் யாரோ கட்டினார்கள். பெயரை மதர் சொல்லவே இல்லை. என் பெஞ்சில் இருந்த விக்டோரியாவின் அப்பா மீன்பிடி வள்ளத்தில் தன் பங்கை விற்று அவளுக்குக் கட்டினார். அவளுக்கு என் விஷயம் தெரியும். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. கணக்கில் மட்டும் என்னை முந்த விடமாட்டாள்.

மனுவை எழுதவில்லை. கட்டி முடித்தவர்களுக்கும் ஏதாவது செய்யச் சொல்லிக் கூட்டத்தில் நானே எழுந்து கேட்கிறேன், இந்தப் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

நேற்று இசக்கி ஒரு மக்ரூன் பெட்டியை மதில்மேல் வைத்துவிட்டு ஓடப் பார்த்தாள். "ஏளா, காக்காவுக்கா வச்சே?" என்று உள்ளே இழுத்து வந்தேன். மூன்று வருடமாக அவள் சம்பளம் அப்பாவின் டயாலிசிஸுக்கே போனது உனக்குத் தெரியாததல்ல. "பானு போனே எடுக்க மாட்டேங்கா பெரியம்மா. அவ பேசலேன்னா எனக்கு இந்தப் பணம் வேண்டாம், கையெழுத்துப் போட மாட்டேன்" என்று அழுதாள். அழுதுகொண்டே பாதிப் பெட்டியையும் அவளே தின்றாள்.

சித்திரைக் கடைசி ஞாயிறு சங்கக் கூட்டம். அன்றே அவள் கையெழுத்துப் போட வேண்டும். அவளை என் பக்கத்தில், முன்வரிசையில் உட்காரவைக்க நினைத்திருக்கிறேன். நீ கோபப்படுவது பணத்துக்காக அல்ல, என் வெறுங்கைக்காக என்பது எனக்குத் தெரியும். கை லேசாகத்தான் இருக்கிறது மகளே. எழுத்து கோணவில்லை, நீயே பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளைக் கூப்பிடு. நீ தீர்க்காயுசாக இரு.

உன் அம்மா,
சண்முகத்தாய்