ஐந்துக்கு ஐந்து

தருமபுரம், காரைக்கால்.

அன்புள்ள அத்தைக்கு, பிரதீபா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? இனியா அழாமல் தூங்குகிறாளா?

போனில் சொல்ல வாய் வரவில்லை. நிறுவன நடத்தையியல் முனைவர் பட்டத்துக்குக் கள ஆய்வு முடிந்தால் ஆய்வேட்டை எழுதிவிடலாம் என்றிருந்தேன். கீழவாஞ்சூர் துறைமுகத் தொழிலாளர்களிடம், வேலையில் மனநிறைவுக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டேன். எல்லாரும் ஐந்தே போட்டிருக்கிறார்கள்! நிலக்கரி இறக்கும் சோமு அண்ணனிடம் காரணம் கேட்டேன்.

"கொறச்சுப் போட்டா ஒங்களுக்குப் பட்டம் கெடைக்காதுல்ல? சின்னப் புள்ளய விட்டுட்டு வந்து கெடக்குறீங்களேம்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைடுக்கு வரவில்லை, முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார். பொங்கலுக்கு வர முடியாது, அத்தை.

இனியாவின் சட்டை ஒன்றைக் கூரியரில் அனுப்புங்கள். புதிது எடுக்க இப்போதைய அளவு தெரியவில்லை.

வீட்டுக்கார அம்மா விளக்கை அணைக்கச் சொல்கிறார். அம்மாவுக்கு எத்தனை மார்க் என்று மட்டும் இனியாவிடம் கேட்காதீர்கள். அவளும் பாவம் பார்த்து ஐந்து போட்டுவிடுவாள்.

பிரதீபா